ஆசிரியர் போனார், பிள்ளைகள் போனார்கள்

"பிள்ளையே வராத பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்து என்ன பிரயோசனம்?" மூடப்பட்ட எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் பூட்டுப் போட்ட கேற் படத்துக்குக் கீழே திருகோணமலைக்காரரே இப்படி எழுதுகிறார்கள். எப்படி மனம் வந்தது?

முதலில் போனது ஆசிரியர். பிறகுதான் பிள்ளைகள். இந்த ஒழுங்கைத் தயவுசெய்து மாற்றிச் சொல்லாதீர்கள்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு எத்தனை ஆசிரியர் என்ற ஆளணியைப் பிள்ளைகளின் தொகையை வைத்துத்தான் போடுவார்கள். தொகை குறைந்தால் ஒரு ரீச்சருக்கு இடமாற்றம் வரும், பதிலுக்கு ஆள் வராது. மூன்றாம் தர வகுப்பையும் நாலாம் தர வகுப்பையும் ஒரே அறையில் இருத்துவார்கள். பல்தர வகுப்பு கூடாத முறையில்லை. அதற்குப் பயிற்சி எடுத்தவர் வேண்டும். அது இல்லாமல் ஒரு பக்கம் வாசிப்பு, மற்றப் பக்கம் கணக்கு என்றால் இரண்டுமே ஏறாது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துப் பயந்த தாய் அடுத்த தவணை பிள்ளையை விலக்க விடுகைப் பத்திரம் கேட்டு வந்து நிற்பாள். கற்பித்தல் பொருட்கள் வாங்க அரசு தரும் தர உள்ளீட்டுக் காசும் தலைக்கணக்குத்தான், அதுவும் சுருங்கும். பிறகு இன்னொரு இடமாற்றம். ஆசிரியர் போனதால்தான் பிள்ளைகள் போனார்கள்.

பெற்றோருக்கு டவுன் பள்ளிக்கூட ஆசை என்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முதலாம் தர அனுமதிச் சுற்றறிக்கையை வாசித்தீர்களா? வீட்டுக்குக் கிட்ட வேறு ஆரம்பப் பள்ளிக்கூடம் இருந்தால் தூரத்துக்கு விண்ணப்பிப்பவருக்குப் புள்ளி வெட்டுவார்கள். கிட்ட இருப்பதை மூடிவிட்டால் அந்த வெட்டு இல்லை. ஊர் வாய் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம். சொல்லவே வேதனையாக இருக்கிறது.

தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வான் வண்டியில் அனுப்பலாம் என்கிறார்கள். கடலுக்குக் கூலிக்குப் போகிறவர் மாதாமாதம் வான் காசுக்கு எங்கே போவார்? முதலாம் தரத்தை முன்னேரம் விட்டுவிடுவார்கள். பெரிய வகுப்புகள் ஒன்றரைக்கு விடும்வரை ஆறு வயதுப் பிள்ளை வெயிலில் காத்திருக்க வேண்டும்.

1990இல் போரால் இடம்பெயர்ந்து பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்களுக்குப் பிறந்த திகதியைக் காட்ட மிஞ்சியிருந்தது இந்தப் பள்ளிக்கூடத்தின் சேர்வு இடாப்புத்தான், அதாவது பிள்ளைகளைச் சேர்த்த பதிவேடுதான். விலகிய காரணம் என்ற நிரலில் ஒன்றின்கீழ் ஒன்றாக "இடம்பெயர்வு", "இடம்பெயர்வு" என்று ஊதா மையில் எழுதியிருக்கும். இப்போது அது கறையான் ஏறிய அலுமாரிக்குள் கிடக்கிறது. அந்த இடாப்புகளையும் பள்ளிக்கூட நடப்புகளை எழுதிவைக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகங்களையும் தொகுதி இலக்கத்தோடு பட்டியல் எழுதி, கொடுப்பவரும் எடுப்பவரும் ஒப்பமிட்டுத்தான் வலயக் கல்விப் பணிமனை பொறுப்பெடுக்க வேண்டும். பழைய மாணவர்களே, அந்தப் பட்டியலின் பிரதியை நாளைக்கே எழுத்தில் கேளுங்கள். "பத்திரமாக இருக்கிறது" என்ற வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால், தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும்.