ஏன் மெதுவாக ஓடுகிறாய், ஒரு வரி சொல்லேன்!

லினக்ஸ் ஓடும் என் லேப்டாப் மறுபடியும் 400 மெகாஹெர்ட்ஸில். இன்றைக்குக் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. வீடியோ காலில் வாடிக்கையாளர் காத்திருக்கிறார், நான் திரையைப் பகிர்ந்து வைத்திருக்கிறேன், பக்கத்தை நகர்த்தினால் நகர மாட்டேன் என்கிறது. என் குரல் அறுந்து அறுந்து போகிறது. "சார், உங்க பக்கம் நெட் ஸ்லோ போல, கொஞ்சம் பாருங்க" என்கிறார். நெட்டுக்கு என்ன கேடு? நெட் நன்றாகத்தான் இருக்கிறது. 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடிய பிராசசர், நாலு கோர், எட்டு த்ரெட், பட்டப்பகலில் 400-இல் படுத்துக் கிடக்கிறது. அதே நேரத்தில் மேலே பேனலில் இருக்கும் பவர் மோடு "பெர்ஃபார்மன்ஸ்" என்று பச்சைப் பொய் சொல்கிறது.

எனக்கு ஆத்திரம் வருவது வேகம் குறைந்ததற்காக அல்ல. ஏன் குறைந்தது என்று அந்தப் பெட்டிக்குள் ஏதோ ஒன்றுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாயைத் திறக்காமல் இருக்கிறதே, அதற்காகத்தான்.

முதல் தடவை இது நடந்தபோது என்ன பாடு பட்டேன் என்று கேளுங்கள். டெர்மினலைத் திறந்தேன். அது திறப்பதற்குள் ஒரு யுகம் போனது. எந்த நிரல் பிராசசரை எவ்வளவு தின்கிறது என்று காட்டும் எச்டாப் போட்டுப் பார்த்தேன். எல்லா கோரும் முழுச் சிவப்பு, ஆனால் மேலே இருப்பது ஒரு பிரவுசரும் ஒரு எடிட்டரும் மட்டும். சென்சார்ஸ் போட்டுப் பார்த்தேன். சூடு ஐம்பது டிகிரியைக்கூடத் தொடவில்லை, ஃபேன் சத்தமே இல்லை. அதாவது சூடாகிவிட்டது, அதனால் வேகத்தைக் குறைத்தேன் என்று சொல்லவும் வழியில்லை. அப்புறம் பிராசசரின் விவரங்கள் இருக்கும் சிபியூ இன்ஃபோ கோப்பில் மெகாஹெர்ட்ஸ் வரிகளை மட்டும் பிடுங்கி, நொடிக்கொரு முறை காட்டச் சொன்னேன். எட்டு வரி. 400.004, 399.991, 400.012, 400.001... எட்டும் 400-ஐ ஒட்டியே நடுங்கிக்கொண்டிருந்தன. ஒன்றாவது எகிறுமா என்று கண் வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். எகிறவில்லை.

சரி, பிராசசர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் கவர்னரின் பிரச்சினையாக இருக்கும் என்று எல்லாக் கோருக்கும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸ் என்று எழுதினேன். பிழை எதுவும் இல்லை. திரும்பப் படித்தால் "பெர்ஃபார்மன்ஸ்". வேகம் 400. குறைந்தபட்ச வேகத்தையே 3400 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தினேன். அதற்குக் கீழே போகவே கூடாது என்று அர்த்தம். எழுதினேன், ஏற்றுக்கொண்டது. திரும்பப் படித்தேன், 3400000 என்று நான் எழுதியதை எழுதியபடியே காட்டியது. வேகம் 400! சிபியூ பவர் கருவியைக் கேட்டால் "இப்போதைய வேகம் 400 மெகாஹெர்ட்ஸ்" என்று ஒரு வரி, அதற்கு இரண்டு வரி மேலே "3.40 கிகாஹெர்ட்ஸுக்குக் குறையாமல் ஓட வேண்டும்" என்று இன்னொரு வரி. ஒரே திரையில், ஒரே கமாண்டின் வெளியீட்டில், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வரிகள்! இந்த முரண்பாட்டைப் பார்த்து ஒரு எச்சரிக்கையாவது போட வேண்டாமா? இரண்டு எண்களை ஒப்பிட்டு, "கேட்டது இது, கிடைப்பது இது, நடுவில் யாரோ தடுக்கிறார்கள்" என்று சொல்ல எவ்வளவு நிரல் எழுத வேண்டும்? நாலு வரி போதும்.

இந்த இடத்தில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கிடைத்த கருவியையெல்லாம் போட்டுப் பார்த்தேன். இந்த மண்டலத்தில் எத்தனை பேர் நாட்டாமை செய்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. பின்னணியில் ஓடி மின்சாரச் செலவைக் கவனிக்கும் பவர் புரொஃபைல்ஸ் டீமன் ஒரு பக்கம். டிஎல்பி இன்னொரு பக்கம். அது இருந்தால் இதை நிறுத்து, இது இருந்தால் அதை நீக்கு. ஆட்டோ சிபியூஃப்ரீக் மூன்றாவது ஆள். சூட்டைக் கவனிக்க தெர்மல்டி தனி. 2024-இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 41-ஆம் பதிப்பு வந்தபோது பவர் புரொஃபைல்ஸ் டீமனை எடுத்துவிட்டு டியூன்டு என்ற வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் கடைசியில் எழுதுவது லினக்ஸின் கருவான கர்னலின் அமைப்புகள் இருக்கும் சிஸ் கோப்பகத்தில் இருக்கும் அதே நாலைந்து கோப்புகளில்தான். கடைசியாக யார் எழுதினார்களோ அவர்கள் சொன்னதுதான் சட்டம். முந்தி எழுதியவரின் பவர் மோடு ஸ்லைடர் பழைய இடத்திலேயே நிற்கும்.

பெயர்க் குழப்பம் வேறு. பொதுவான கவர்னர்களில் பவர்சேவ் என்றால் பிராசசரைக் கடைசிப் படியில் கட்டிப்போடுவது. இன்டெல் பிராசசர்களின் வேகத்தைக் கையாளும் இன்டெல் பிஸ்டேட் டிரைவர் ஆக்டிவ் நிலையில் இருந்தால் அதே பவர்சேவ், தேவைக்கேற்ப வேகத்தை ஏற்றி இறக்கும் சாதாரண நிலை. கர்னல் ஆவணத்திலேயே இரண்டும் ஒன்றல்ல என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்த நேரத்துக்குப் பெயரை மாற்றியிருக்கலாம். இது தெரியாமல் "பவர்சேவில் இருக்கிறது, அதனால்தான் மெதுவாக இருக்கிறது" என்று எத்தனை பேர் எத்தனை இரவுகளை வீணடித்திருப்பார்கள்! கவர்னரை பெர்ஃபார்மன்ஸில் வைத்துவிட்டு வேகமா, மின் சிக்கனமா என்று சொல்லும் எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் பிரிஃபரன்ஸை (இபிபி) மாற்றப் போனால் "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்கிறது. யார் பிஸி? எதில் பிஸி? கவர்னர் பெர்ஃபார்மன்ஸில் இருக்கும்வரை அதை மாற்ற விடமாட்டோம் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம்.

ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஏஎம்டி பிஸ்டேட் டிரைவர் 2022-இல் 5.17 கர்னலோடு வந்தது, 2023-இல் 6.3-இல் இபிபி வசதி சேர்ந்தது. நல்ல வேலைதான். ஆனால் லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸில், வேகத்தைப் பற்றி பிராசசரோடு பேச உதவும் சிபிபிசி என்ற வசதி அணைந்திருந்தால் அந்த டிரைவர் ஏறாது. சத்தமில்லாமல் பழைய ஏசிபிஐ டிரைவருக்குப் போய்விடும். ஸ்லைடர் மட்டும் எப்போதும்போல் சிரித்துக்கொண்டிருக்கும்.

எதுவும் எடுபடாமல் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த பையன் திறந்து பார்த்தான். உபுண்டு திரையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "சார், இது லினக்ஸா? விண்டோஸ் போட்டு எடுத்துட்டு வாங்க சார், அப்பதான் பார்க்க முடியும்."

"தம்பி, இது ஹார்டுவேர் பிரச்சினை மாதிரி இருக்கு. பயாஸ் திரைக்குள்ளேயே கர்சர் தடுமாறுது, பாருங்க."

"அது இல்ல சார். ஓஎஸ் சப்போர்ட் ஆகல."

விண்டோஸ் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அதிலும் அதே மந்தம், டாஸ்க் மேனேஜரில் 0.39 கிகாஹெர்ட்ஸ். அவன் உள்ளே போய் வந்து சொன்னான்: "மதர்போர்டு மாத்தணும் சார்." விலையைக் கேட்டேன். அந்தக் காசுக்கு இன்னொரு பழைய லேப்டாப்பே வாங்கிவிடலாம். என்ன சோதித்தார்கள், எதை வைத்து போர்டு என்று முடிவு செய்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. "இன்ஜினியர் சொல்லிட்டார் சார்." அந்த இன்ஜினியரை என் கண்ணில் காட்டவே இல்லை.

கடைசியில் விடை கிடைத்தது கரன்ட் போனபோது. ஆமாம், வீட்டில் கரன்ட் போனது, அடாப்டர் அணைந்தது, அந்த நொடியே லேப்டாப் குதித்து ஓட ஆரம்பித்தது. எட்டு வரியும் 3100, 3400 என்று ஏறின. கரன்ட் வந்தது. 400. அடாப்டரைக் கையால் பிடுங்கினேன். 3400. செருகினேன். 400. பேட்டரியில் பறக்கிறது, சுவர் மின்சாரத்தில் படுத்துக்கொள்கிறது! உலகத்தில் எல்லா லேப்டாப்பும் இதற்கு நேர் மாறாகத்தானே நடக்க வேண்டும்?

காரணம், அடாப்டரின் முனை. உருளை முனைக்கு நடுவே முடி மாதிரி ஒரு மெல்லிய ஊசி இருக்கிறதே, அது மின்சாரம் கொடுப்பதற்காக இருப்பது அல்ல. நான் இத்தனை வாட் அடாப்டர் என்று லேப்டாப்பிடம் சொல்வதற்காக இருப்பது. அந்த ஊசி வளைந்தாலோ, உள்ளே அந்தக் கம்பி அறுந்தாலோ, அந்தச் சேதி போகாது. மின்சாரம் ஒழுங்காக வந்தாலும் லேப்டாப் நம்பாது. பேட்டரியை சார்ஜ் செய்யாது. அதோடு ப்ராக்ஹாட் என்ற கம்பியை இழுத்துப் பிடித்துவிடும். அந்தக் கம்பி முதலில் பிராசசர் தனக்குச் சூடேறிவிட்டது என்று வெளியே அறிவிப்பதற்காக வந்தது. இருவழியாக்கி, வெளியிலிருந்தும் பிராசசரை "அடங்கு" என்று அதட்டலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அதன் பெயர்தான் பிடி ப்ராக்ஹாட். அது விழுந்துவிட்டால் கவர்னராவது, டீமனாவது, ஸ்லைடராவது! கர்னல் என்ன கேட்டாலும் சிலிக்கான் காதில் போட்டுக்கொள்ளாது.

பாதுகாப்பு என்பார்கள். அடாப்டர் எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் முழு வேகத்தில் இழுத்தால் அது அணைந்துவிடலாம், சூடேறலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டரி நிறைந்திருக்கிறதே! அதே பேட்டரியை மட்டும் நம்பி ஒரு நிமிடத்துக்கு முன்னால் 3400-இல் ஓடினாயே! அடாப்டர் மேல் நம்பிக்கை இல்லையென்றால் பேட்டரியிலேயே ஓடித் தொலையேன். இது 15 வாட் பிராசசர். அதை 400-க்குக் கொண்டுபோய் வைப்பது என்ன நியாயம்? அதைவிட, பயாஸுக்கு இந்த விஷயம் முழுக்கத் தெரியும். அடாப்டர் வகை தெரியவில்லை என்று பூட் ஆகும்போது கருப்புத் திரையில் ஒரு வரி காட்டும் மாடல்கள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசி தொடர்பை இழந்தால்? மௌனம். நாம் லேப்டாப்பை மூடித் திறக்கிறோமே தவிர, ஷட்டவுன் எங்கே செய்கிறோம்? அந்தக் கருப்புத் திரையை யார் பார்க்கிறார்கள்?

கர்னல் பக்கமும் தெரியாமல் இல்லை. பிராசசரின் உள்நிலையைக் காட்டும் டர்போஸ்டாட்டை ரூட்டாக ஓட்டினால், முதலில் ஓடி மறையும் வரிகளுக்கு நடுவே, வேகத்தைக் கட்டுப்படுத்தும் காரணம் ப்ராக்ஹாட் என்று என் மெஷினில் எழுதியே காட்டியது. இந்த ஒரு வார்த்தையைத் தேடித்தான் மதர்போர்டு வரை போய் வந்தேன்! டர்போஸ்டாட் படிக்கிற அதே ரெஜிஸ்டரை டெஸ்க்டாப்புக்குக் கீழே ஓடும் எந்த டீமனும் படிக்கலாம். பத்து ரூபாய் சார்ஜரைச் செருகினால்கூட "ஸ்லோ சார்ஜிங்" என்று போன் சொல்கிறது. வால்பேப்பர் மாறினால், வைஃபை வந்தால் போனால் நோட்டிஃபிகேஷன் போடுகிறவர்கள், பிராசசரை எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஓடவிடாமல் கழுத்தைப் பிடித்திருக்கும்போது ஒரு சின்னப் பெட்டி போட மாட்டார்களா? "அடாப்டர் அடையாளம் தெரியவில்லை, அதனால் வேகம் குறைக்கப்பட்டுள்ளது." இவ்வளவுதான் கேட்கிறேன்.

தற்காலிக வழி ஒன்று உண்டு, எல்லாரும் சொல்வதுதான். பிராசசரின் உள் ரெஜிஸ்டர்களைப் படிக்கவும் எழுதவும் உதவும் எம்எஸ்ஆர் கருவிகளைப் போட்டு, 1எஃப்சி என்ற ரெஜிஸ்டரைப் படித்து, அதன் வலது ஓரத்துக் கடைசி பிட்டை (பிட் 0) மட்டும் சுழியாக்கி எழுத வேண்டும். உங்கள் மெஷினில் என்ன மதிப்பு வருகிறதோ அதிலிருந்து அந்த ஒரு பிட்டை மட்டும் மாற்றுங்கள். வேறு யாரோ எழுதி வைத்த எண்ணை அப்படியே ஒட்டினால் மற்ற பிட்டுகளும் சேர்ந்து மாறிவிடும். வெளியிலிருந்து வரும் அதட்டல்தான் இதனால் நிற்கும், பிராசசரின் சொந்தச் சூட்டுப் பாதுகாப்பு அப்படியே இருக்கும். ஆனால் அடாப்டர் நிஜமாகவே திணறினால் சொல்ல ஆள் இருக்காது, அதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

உபுண்டுவில் செக்யூர் பூட், அதாவது கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் பயாஸ் அமைப்பு, போட்டிருந்தால் அதற்கும் வழியில்லை. 2019-இல் 5.4 கர்னலில் வந்த லாக்டவுன், எம்எஸ்ஆரில் எழுதவே விடாது. என் காசில் வாங்கிய லேப்டாப்பில், ரூட் பாஸ்வேர்டு கையில் இருக்க, "அனுமதி இல்லை". செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு எழுதினேன். வேகம் வந்தது. மூடித் திறந்தேன். போயிற்று. தூங்கி எழுந்ததும் ஃபர்ம்வேர் அந்த பிட்டைத் திரும்ப ஏற்றி வைத்துவிடுகிறது. ஆகவே தூங்கி எழும் ஒவ்வொரு முறையும் எழுத ஒரு சிஸ்டம்டி சர்வீஸ் எழுதி வைத்தேன். கர்னல் அப்டேட் ஆனபோது எம்எஸ்ஆர் மாட்யூல் ஏறவில்லை, அதுதான் இன்றைய காலைக் கூத்து.

சரி, அடாப்டரையே மாற்றலாம் என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் அசல் என்று சொல்லி நாலு விதமான அடாப்டர் எடுத்துப் போடுகிறார்கள். வாட் சரியாக இருக்கும், முனை சரியாக இருக்கும், அந்த நடு ஊசி உள்ளே எதோடும் இணைந்திருக்குமா என்பது செருகிப் பார்த்தால்தான் தெரியும். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே செருகி, மெகாஹெர்ட்ஸ் வரிகளைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இதோடு நிறுத்தலாம் என்று பார்த்தால், இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை அணைந்தது. இந்தக் கீபோர்டில் பவர் பட்டன் டெலீட்டுக்கு ஒட்டியே இருக்கிறது. அதே அளவு, அதே நிறம், அதே அழுத்தம். ஒரு எழுத்தை அழிக்கப் போனால் லேப்டாப் தூங்கிவிடுகிறது. அதைத் தடுக்க, பவர் பட்டனைக் கவனிக்கும் லாகின்டியில் ஒரு அமைப்பு, அதை மதிக்காமல் டெஸ்க்டாப்பில் தனியாக இன்னொரு அமைப்பு. தூங்கி எழுந்தால் பழையபடி அந்த பிட் வேறு ஏறி நிற்கும். பவர் பட்டனைக் கொண்டுபோய் அங்கே வைத்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு பக்கமாவது தட்டச்சு செய்திருப்பாரா?