டே கேர் ஃபீஸ் 11,000, கையில் வரும் சம்பளம் 27,200

வியாழக்கிழமை சாயங்காலம் பாப்பாவைக் கூப்பிடப் போனேன். அவள் பைக்குள் தண்ணீர் பாட்டிலுக்கும் ஈரமான ஜட்டிக்கும் நடுவில் ஒரு தாளை மடித்து வைத்திருந்தார்கள். ஜூன் மாதம் முதல் மாதக் கட்டணம் 9,500 ரூபாயிலிருந்து 11,000 ரூபாய், பெற்றோர் ஒத்துழைக்கவும். அவ்வளவுதான். ஏன் ஏற்றினார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. பாப்பா தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் நின்று அதை மூன்று தடவை படித்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்பது மாதக் குழந்தையாக அவளை அங்கே சேர்த்தபோது மாதம் 7,000. அட்மிஷன் என்று 15,000 தனியாக வாங்கினார்கள், அது திரும்பி வராத பணம். ஒரு வருஷத்தில் 8,000 ஆனது, அப்புறம் 9,500, இப்போது 11,000. இது வெறும் மாதக் கட்டணம். சாயங்கால டிஃபனுக்கு 800. வருஷத்துக்கு ஒரு முறை பராமரிப்புக் கட்டணம் 6,000. ஆண்டு விழாவுக்கு மயில் வேஷம் போட 900. டயப்பர், துடைக்கும் டிஷ்யூ, பால் பவுடர் எல்லாம் நாமே வாங்கித் தர வேண்டும். சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் போனால் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் 100 ரூபாய். வேளச்சேரியில் மழைத் தண்ணீர் நின்றாலும் அதேதான், பேருந்து வரவில்லை என்றாலும் அதேதான். போன நவம்பரில் மட்டும் 1,300 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டியிருக்கிறேன்.

நான் கிண்டியில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 29,000. பிஎஃப் 1,800 போகக் கையில் வருவது 27,200. இதில் டே கேருக்கு மட்டும் இனிமேல் பன்னிரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் போகும். வீட்டுக்காரர் லிஃப்ட் சர்வீஸ் வேலையில் இருக்கிறார். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஓட வேண்டிய வேலை. அவருடைய சம்பளத்தில் மடிப்பாக்கத்து வாடகை, கரண்ட் பில், வண்டி இஎம்ஐ, மளிகை எல்லாம் போனால் மாதம் இருபதாம் தேதிக்கே துண்டு விழுகிறது. எனக்கு இரண்டு வருஷமாகச் சம்பளம் ஏறவில்லை. "மார்க்கெட் டல்லா இருக்கும்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார். டே கேருக்கு மட்டும் மார்க்கெட் டல்லாகவே ஆகாதா?

2025 அக்டோபரில் ஒரு செய்தி வந்தது, நினைவிருக்கிறதா? நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம், இந்தக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து இல்லாத அளவுக்குக் குறைவு என்று. நான் இட்லி ஊற்றிக்கொண்டே டிவியில் அதைக் கேட்டேன். கரண்டியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. விலைவாசியே ஏறவில்லை என்றால் என் பணம் எங்கே போகிறது? அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன், கணக்கு எழுதுகிறவள் இல்லையா நான். அப்போது இருந்த அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட பாதி எடை, அதாவது பங்கு, சாப்பாட்டுப் பொருள்களுக்கு. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு விலை விழுந்தால் மொத்தமும் விழுந்துவிடும். கல்விக்கு எடை ஐந்து சதவீதம்கூட இருக்கவில்லை. அதுவும் 2011-12இல் ஜனங்கள் எப்படிச் செலவு செய்தார்களோ அதை வைத்துப் போட்ட கணக்கு. தக்காளி இன்றைக்கு ஏறும், நாளைக்கு இறங்கும். டே கேர் ஃபீஸ் என்றைக்காவது இறங்கி யாராவது பார்த்திருக்கிறீர்களா? வீட்டு வாடகை இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? எங்களை அரிப்பதெல்லாம் இறங்காத செலவுகள்தான். அந்தச் செலவுகள் அந்த 0.25க்குள் எங்கேயோ கரைந்துபோய்விடுகின்றன. உலகத்தின் ஐந்தாவது பெரிய பொருளாதாரம், நான்காவது பெரிய பொருளாதாரம் என்று மார்தட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பொருளாதாரம் காலையில் எட்டரை மணிக்கு ஆபீசுக்குக் கிளம்புகிறதே, அதன் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றவில்லை.

நல்லதே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கும் பால் பாட்டிலுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பெரிய பாக்கெட்டுக்கு ஐம்பது ரூபாய் மிச்சமானது, உண்மைதான். ஆனால் ஐம்பது ரூபாயை இந்தக் கையில் கொடுத்துவிட்டு அந்தக் கையில் ஆயிரத்து ஐந்நூறை உருவிக்கொண்டு போகிறார்களே! 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் சொன்னார்கள், ஆபீசில் எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அதற்கு முன்பும் வரி இல்லை, அதற்குப் பிறகும் வரி இல்லை. எங்களுக்கு அதில் ஒரு ரூபாய் லாபம் கிடையாது. எங்கள் வரியெல்லாம் சோப்பிலும் பால் பவுடரிலும் போய்விடுகிறது.

தொழில் ரீதியாக என்னை மிகவும் குடைகிற ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கம்பெனிக்கு நான்தான் செலவு வவுச்சர் போடுகிறேன். முதலாளி காருக்குப் பெட்ரோல், டிரைவர் சம்பளம், ஆபீஸ் டீ, காரின் தேய்மானம் எல்லாம் தொழில் செலவு. அதையெல்லாம் கழித்த பிறகுதான் லாபம் என்ன என்று பார்ப்போம். சரி, நியாயம். நான் வேலைக்கு வருவதற்கு ஆகிற செலவு என்ன? டே கேர். அது இல்லாமல் நான் அந்த நாற்காலியில் ஒரு நாள்கூட உட்கார முடியாது. அதற்கு எந்தக் கணக்கிலும் இடம் இல்லை. பழைய வரி முறையில் 80சி என்று சொல்லிப் பழகிய ஒரு வரிச் சலுகை இருக்கிறது. அதில் ப்ளே ஸ்கூல், நர்சரியின் கல்விக் கட்டணத்தைக்கூடக் காட்டலாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவைக் காட்ட முடியாது. புதிய முறையில் அதுவும் கிடையாது. கார் தேய்ந்தால் செலவாம். குழந்தையைப் பார்த்துக்கொள்வது எங்கள் சொந்தப் பிரச்சினையாம்.

"அப்படின்னா வேலையை விட்டுடும்மா, என்ன பெருசா மிஞ்சுது" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைச் சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள், டே கேர் வாசலில் ஒரு அப்பாகூட என் முகத்துக்கு நேராகச் சொன்னார். எல்லாரும் என் சம்பளத்திலிருந்துதான் டே கேர் ஃபீஸைக் கழிக்கிறார்கள். என் வீட்டுக்காரர் சம்பளத்திலிருந்து யாரும் கழிப்பதில்லை. ஏன், அது அவருக்குப் பிறந்த பிள்ளை இல்லையா? மிஞ்சுகிற பதினைந்தாயிரம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் எல்கேஜிக்கு எங்கே போவது? இன்றைக்கு விட்டுவிட்டு மூன்று வருஷம் கழித்துத் திரும்பிப் போனால் இந்த 29,000ஐ யார் தருவார்கள்? இருபதாயிரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள்.

"பாட்டி இல்லையா?" என்பது அடுத்த கேள்வி. இருக்கிறார். விழுப்புரத்தில் இருக்கிறார், இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய். முதல் ஏழு மாதம் என்னோடு வந்து தங்கி, மூன்றாவது மாடிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியதில்தான் அந்த முட்டி போனது. என் அம்மா அதற்கு ஒரு பைசா கேட்கவில்லை. இந்த நாடு அதை வேலை என்று வருமானக் கணக்கில் சேர்க்கவும் இல்லை. மத்திய அரசே எடுத்த 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் இருக்கிறது: சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 289 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வதற்குப் பெண்கள் 137 நிமிடம், ஆண்கள் 75 நிமிடம். எண்ணிப் பார்த்துவிட்டார்கள், அறிக்கை போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு?

போன மாதம் ஒரு நாள் ஏழே கால் ஆகிவிட்டது. ஓடி வந்து பார்த்தால் எல்லாக் குழந்தைகளும் போய்விட்டிருந்தார்கள். ஒரு டியூப்லைட் மட்டும் எரிந்தது. ஆயாம்மா பாப்பாவை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து, "வந்துடுறேன்டா கண்ணு, அந்த அத்தை வீட்டுலயே இரு" என்றார். அப்போதுதான் எனக்குத் தெரியும், அவருக்கும் நான்கு வயதில் ஒரு பையன் இருக்கிறான். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறார், அதற்கு அவர் மாதம் 1,500 கொடுக்கிறார். அவருக்கு டே கேரில் சம்பளம் 8,500. நான் கட்டிய தாமதக் கட்டணத்தில் ஒரு ரூபாயாவது அவருக்குப் போனதா என்று கேட்டேன். "அதெல்லாம் ஆபீஸ் கணக்குக்கா" என்றார். என் ஃபீஸ் 7,000லிருந்து 11,000 ஆகும் இதே இரண்டு வருஷத்தில் அவருக்கு ஏறியது 500 ரூபாய். இருபத்திரண்டு குழந்தைகளுக்கு மூக்கு சிந்தி, கால் கழுவி, தூங்க வைத்து, கடித்துக்கொள்பவர்களைப் பிரித்துவிடுகிற வேலை அது. அதற்கு 8,500. அன்றைக்கு அவர் கையில் நூறு ரூபாய் வைத்தேன், அவர் வாங்கவே கூச்சப்பட்டார். எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

டே கேர் நடத்துகிற அம்மாவிடமும் சண்டை போட்டேன். கட்டட வாடகையைக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரேயடியாக 12,000 ஏற்றிவிட்டார், கரண்ட் வணிகக் கட்டணம், கேமரா வேண்டும் என்று பெற்றோர்களே கேட்கிறார்கள் என்று அடுக்கினார். பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எல்லாருடைய சுமையும் கடைசியில் என் தலையிலும் ஆயாம்மா தலையிலும்தானே வந்து இறங்குகிறது?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று எழுதினார்கள். எங்கள் கம்பெனியில் 22 பேர். எங்கள் வரிசையில் இருக்கும் பட்டறைகள், சின்னச் சின்ன அலுவலகங்கள் எல்லாம் இருபது, முப்பது பேர்தான். அங்கே வேலை செய்பவர்களுக்குக் குழந்தை பிறக்காதா? அதே சட்டப்படி எனக்கு 26 வாரம் விடுப்பு வந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வாரத்தில் "வர்றியா, வேற ஆள் பார்க்கட்டுமா" என்று போன் வந்தது. போனேன். மத்திய அரசில் வேலை செய்யும் பெண்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பே மொத்தம் 730 நாள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021லிருந்து மகப்பேறு விடுப்பு ஒரு வருஷம். அவர்களுக்குக் கொடுத்ததில் எனக்குப் பொறாமை இல்லை, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் கிண்டியில் கணக்கு எழுதுகிறவள் பெற்றதும் பிள்ளைதானே. நாட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில்தான் என்று மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்கிறார்கள். வெள்ளை போர்டு பேருந்தில் காசில்லாமல் ஏறித்தான் நானும் வேலைக்குப் போகிறேன், அது எனக்குப் பெரிய உதவி, மறைக்கமாட்டேன். பேருந்தில் ஏற்றிவிட்டவர்கள் பிள்ளையை என்ன செய்வாய் என்றும் கேட்டிருக்க வேண்டாமா?

எங்கள் தெருவிலேயே ஒரு அங்கன்வாடி இருக்கிறது. சுவரில் யானையும் கிளியும் வரைந்திருக்கிறார்கள். உள்ளே மின்விசிறி, பாய், பொம்மை, அடுப்பு, எடை பார்க்கும் கருவி எல்லாம் இருக்கின்றன. இரண்டு வயதிலிருந்து சேர்த்துக்கொள்வார்கள், மத்தியானச் சாப்பாடு, முட்டை உண்டு. சனிக்கிழமை போய் டீச்சரிடம் கேட்டேன். அன்பாகப் பேசினார். ஆனால் மூன்றரை மணிக்குக் குழந்தையைக் கூட்டிப் போய்விட வேண்டும். "உங்களை மாதிரி மாசத்துக்குப் பத்து பேராவது கேட்டுட்டுப் போறாங்கம்மா, ரிஜிஸ்டர், போன்ல பதிவு, சர்வே எல்லாம் நாங்க ரெண்டே பேர்தான் பார்க்கிறோம்" என்றார்.

அங்கன்வாடித் திட்டம் 1975இல் தொடங்கியது, ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. நாட்டில் கிட்டத்தட்ட 14 லட்சம் அங்கன்வாடிகள். தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கும் மேல். இவற்றோடு காப்பகமும் சேர்த்து நடத்த மத்திய அரசு பால்னா என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதன் இலக்கே நாடு முழுவதும் 17,000 காப்பகங்கள்தான். நூறு அங்கன்வாடிக்கு ஒன்றேகால்கூட வராது. அதிலும் ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். ஆபீஸ் ஒன்பது மணி நேரம், போக வர இரண்டு மணி நேரம். ஏழரை மணி நேரத்தில் எந்த அம்மா வேலைக்குப் போய்த் திரும்புவாள்? இதைத் தீர்மானித்தவர்கள் யாராவது ஒரு நாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேருந்துக்கு நின்றிருக்கிறார்களா?

அடுத்து எல்கேஜி. கல்வி உரிமைச் சட்டத்தில் ஏழை, பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகளில் கட்டணமில்லாமல் 25 சதவீத இடம் உண்டு. 2025இல் மத்திய அரசு நிதியைப் பிடித்து வைத்துக்கொண்டதில் தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கையே அக்டோபரில்தான் தொடங்கியது. பள்ளி திறந்தது ஜூனில். என் அக்கா அந்த நான்கு மாதம் காத்திருக்க முடியாமல் கடன் வாங்கி ஃபீஸ் கட்டிவிட்டாள். மத்திய அரசும் மாநில அரசும் சண்டை போட்டுக்கொண்டன, அவள் வட்டி கட்டுகிறாள். இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு பதிவு ஆகிவிடும், விடுங்கள்.

தினமும் ஆறே கால், ஆறரைக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்த அங்கன்வாடியைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறேன். அப்போது அது பூட்டியிருக்கிறது. மூன்றரையிலிருந்து அந்த மின்விசிறியும் பாயும் சும்மா கிடக்கின்றன. எங்கள் டே கேர் இருக்கும் கட்டடமோ மாதா மாதம் வாடகையைத் தின்றுகொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு பேரை ஒழுங்கான சம்பளத்துக்கு வேலைக்கு எடுங்கள். எங்கள் ஆயாம்மா முதல் ஆளாக வருவார், அவர் பையனும் அங்கேயே இருப்பான். இலவசமாகக்கூட வேண்டாம், மாதம் 2,000, 2,500 நானே கட்டுகிறேன். இந்தத் தெருவில் என்னைப் போல எட்டு பேராவது கட்டுவோம். ஏழு மணி வரைக்கும் அந்தக் கதவைத் திறந்து வையுங்கள்.