பிங் போகிறது, ஐபி திறக்கிறது, 'சாதனம் எதுவும் கிடைக்கவில்லை'யாம்

பிரிண்டர் எதிர் மேஜையில்தான் இருக்கிறது. விளக்கு எரிகிறது. அதன் ஐபி எண்ணை பிரவுசரில் அடித்தால் அமைப்புப் பக்கம் பளிச்சென்று திறந்து, மை எவ்வளவு மிச்சம் என்றுகூடச் சொல்கிறது. லேப்டாப்பில் 'பிரிண்டரைச் சேர்' என்று அழுத்தினால் மட்டும் ஒரு வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு, 'சாதனம் எதுவும் கிடைக்கவில்லை' என்று கையை விரிக்கிறது. கீழே ஒரு பொத்தான்: 'மீண்டும் முயற்சி செய்'. எதை மீண்டும் முயற்சி செய்ய? முதலில் என்ன முயற்சி செய்தாய், எங்கே தோற்றாய் என்று சொன்னாயா?

இந்தத் தேடலுக்குப் பின்னால் இருப்பது, பெயரை ஐபி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் வேலையை, ஒரே செய்தியை ஒரு குழு முழுக்க அனுப்பும் மல்டிகாஸ்ட் வழியில் செய்யும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ், சுருக்கமாக எம்டிஎன்எஸ். இதில் சர்வரே கிடையாது. ஒரு கணினி 224.0.0.251 என்ற குழு முகவரிக்கு, 5353-ஆம் போர்ட்டில், 'இந்தப் பெயர் யாருடையது?' என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கிறது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்பதுபோல, அந்தப் பெயருக்குரிய சாதனம் தானே எழுந்து தன் ஐபியைச் சொல்கிறது. டாட் லோக்கல் (.local) என்று முடியும் பெயர்களுக்கெல்லாம் இப்படித்தான் ஐபி கண்டுபிடிக்கப்படுகிறது. இதன் மேலேயே டிஎன்எஸ்-எஸ்டி என்ற இன்னொரு அடுக்கு, 'இங்கே பிரிண்டர் யாராவது உண்டா?' என்று சேவையை வைத்துத் தேட உதவுகிறது. ஒரு எண்ணையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், எதையும் கட்டமைக்க வேண்டாம்.

புதுசும் இல்லை. 2002-இல் ஆப்பிள் இதை ராண்டேவூ என்று வெளியிட்டது, 2005-இல் பான்ஜூர் என்று பெயரை மாற்றியது. ஸ்டூவர்ட் செஷயரும் மார்க் கிராக்மலும் எழுதிய ஆர்எஃப்சி 6762 என்ற இணைய நெறிமுறை ஆவணம் 2013 பிப்ரவரியில் வந்தது. லினக்ஸில் இதற்கென்றே அவாஹி என்ற மென்பொருள் இருக்கிறது, விண்டோஸ் 10 முதல் உள்ளேயே இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் பழகிய நெறிமுறை. அதில் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. என் கோபமெல்லாம் நடுவில் உட்கார்ந்துகொண்டு அதன் கழுத்தை நெரிப்பவர்கள் மேலும், நெரித்ததைச் சொல்லாமல் மறைப்பவர்கள் மேலும்தான்.

முதல் குற்றவாளி ரவுட்டர். வைஃபைக்கு மல்டிகாஸ்ட் என்றாலே ஆகாது என்பது உண்மைதான். சாதாரண பாக்கெட் (தரவுத் துண்டு) போய்ச் சேர்ந்தால் 'வந்தது' என்று பதில் வரும். வராவிட்டால் மறுபடி அனுப்பப்படும். மல்டிகாஸ்ட்டுக்கு அந்தப் பதிலே கிடையாது, தொலைந்தால் தொலைந்ததுதான். எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதால் மிகக் குறைந்த வேகத்தில் போகும், அதனால் காற்றில் நேரத்தையும் தின்னும். இந்தத் தலைவலிகளை எல்லாம் பட்டியல் போட்டு 2021-இல் ஆர்எஃப்சி 9119 என்று தனி ஆவணமே வந்திருக்கிறது. சரி, கஷ்டம் புரிகிறது. அதற்காக 'மல்டிகாஸ்ட் மேம்பாடு' என்று ஒரு சுவிட்சை வைத்து, அதை ஆன் செய்தே பெட்டியில் போட்டு விற்று, அது என்ன செய்கிறது என்று ஒரு வரிகூட விளக்காமல் விடுவது என்ன நியாயம்?

இதிலும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்று ஒன்று இருக்கிறதே, அது தனி ரகம். யார் எந்த மல்டிகாஸ்ட் குழுவில் சேர்ந்திருக்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்டு, அவர்களுக்கு மட்டும் பாக்கெட்டை அனுப்பும் வேலை. நல்ல யோசனை. ஆனால் 'இன்னும் குழுவில் இருக்கிறீர்களா?' என்று அவ்வப்போது கேட்க ஒரு ஆள் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். பல சின்ன ரவுட்டர்களில் ஸ்னூப்பிங் ஓடுகிறது, கேள்வி கேட்கும் ஆள் இல்லை. விளைவு என்ன தெரியுமா? சாதனம் புதிதாக இணைந்ததும் எல்லாம் ஜோராக வேலை செய்யும். வழக்கமான கணக்குப்படி 260 விநாடி கழிந்ததும் அதன் பெயர் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும். நாலரை நிமிடம்கூட இல்லை! பிரிண்டரை அணைத்துப் போட்டால் உடனே வருகிறது, காபி எடுத்து வருவதற்குள் காணாமல் போகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நான் சந்தேகப்படுகிறேன். இத்தனைக்கும் 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளை ஸ்னூப்பிங் செய்து வடிகட்டாதீர்கள், எல்லாப் பக்கமும் அனுப்பிவிடுங்கள் என்று 2006-லேயே ஆர்எஃப்சி 4541 சொல்லிவிட்டது. படிக்க ஆளில்லை.

அப்புறம் வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளின் விவகாரம். போன் ஒன்றில், பிரிண்டர் இன்னொன்றில். பிங், அதாவது ஐபிக்கு நேராக 'இருக்கிறாயா?' என்று தட்டிப் பார்ப்பது, தாராளமாகப் போகும். மல்டிகாஸ்ட்டை மட்டும் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ரவுட்டர்கள் இருக்கின்றன. விருந்தினர் நெட்வொர்க்கில் சாதனங்களை ஒன்றிடமிருந்து ஒன்று பிரித்து வைப்பதை நான் குறை சொல்லவில்லை, அதற்குத்தான் அது இருக்கிறது. முதன்மை நெட்வொர்க்கிலும் அதே தடுப்பை ஓசையில்லாமல் போட்டு வைப்பதைத்தான் கேட்கிறேன்.

போன்கள் சளைத்தவை அல்ல. ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து ஒரு செயலி உள்ளூர் நெட்வொர்க்கைத் தொட வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும். வரவேற்கிறேன், டார்ச் லைட் செயலிக்கு என் பிரிண்டரின் பெயர் எதற்கு? ஆனால் அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் 'அனுமதி இல்லை' என்று சொல்ல வேண்டியதுதானே? பல செயலிகள் அங்கேயும் அதே வட்டத்தைச் சுற்றவிட்டு, அதே 'கிடைக்கவில்லை'யைக் காட்டுகின்றன. வீட்டில் யாரோ எப்போதோ அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க அமைப்புகளுக்குள் இறங்கி ஒவ்வொரு மெனுவாகத் துழாவ வேண்டும்.

கணினியில் தோண்டித் துருவலாம் என்று போனால் அங்கே வேறு கூத்து. பெயரைத் தேடிப் பார்க்க டிக், என்எஸ்லுக்கப் என்று கைக்கு வரும் கருவிகளில் டாட் லோக்கல் பெயரைக் கொடுத்தால் 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லும். அவை வழக்கமான டிஎன்எஸ் சர்வரிடம்தான் கேட்கும், மல்டிகாஸ்ட் பக்கமே போகாது. அதே பெயரை பிங் கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் அது இயங்குதளத்தின் வழியாகக் கேட்கிறது. இது தெரியாதவர் பெயரே பதிவாகவில்லை என்று நம்பி, ஒழுங்காக இருக்கும் சாதனத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். லினக்ஸில், பெயர்களை எங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்-ஸ்விட்ச் கோப்பில் ஒரு சொல் விட்டுப்போனால் போச்சு. அவாஹியும், லினக்ஸின் இன்னொரு பெயர் தேடும் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டும் ஒரே வேலைக்கு ஒன்றாக இறங்கினால் யார் பதில் சொல்கிறார்கள் என்றே தெரியாது. டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து ஓட்டும் கருவி) ஓடும் கணினி, பிறரால் எட்டவே முடியாத 172.17.0.1-ஐத் தன் முகவரி என்று அறிவித்துக்கொண்டிருக்கும். அந்தப் பெயருக்கு ஐபி கிடைத்துவிடும், இணைப்புதான் வராது. பெயரே கிடைக்காமல் இருப்பதைவிட இது மோசம்.

இன்னொன்று. ஒழுங்காக அணைக்கப்படும் சாதனம் 'போய் வருகிறேன்' என்று ஒரு பாக்கெட் அனுப்பிவிட்டுப் போகும். மின்சாரம் பட்டென்று போனால் அதற்கு ஏது நேரம்? 'இங்கே இந்தச் சேவை உண்டு' என்று மற்ற சாதனங்கள் நினைவில் வைக்கும் சேவைப் பதிவுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஆயுள் 75 நிமிடம். அதுவரை செத்துப்போன சாதனம் பட்டியலில் பேயாக நிற்கலாம். அது திரும்பி வரும்போது, தன் பழைய பெயரை வேறு யாரோ வைத்திருப்பதாக நினைத்து, பின்னால் ஒரு '2' ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. உயிரோடு இருப்பதைக் காட்டாத அதே திரையில் செத்தது தெரியும்.

இதையெல்லாம் தாண்டிப் பெயர் கிடைத்துவிட்டால் பிரவுசர் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டும். டாட் லோக்கல் பெயருக்கு எந்தப் பொதுச் சான்றிதழ் நிறுவனமும் சான்றிதழ் தராது. அந்தக் கதையைத் தொட்டால் இந்தப் பதிவு முடியாது, விடுங்கள்.

உதவி கேட்டால் எங்கும் ஒரே பதில்: 'ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்.' போட்டால் சரியாகும்தான், மேலே சொன்ன அந்த 260 விநாடிக்கு! சரியாகிவிட்டது என்று புகாரை மூடிவிடுவார்கள். ஒரு பிரிண்டர் நிறுவனத்தின் உதவி அரட்டையில் எனக்கு நடந்தது இதுவேதான். மறுபடி காணாமல் போனபோது புதுப் புகார் எண், புது ஆள், முதலிலிருந்து அதே வசனம்.

செயலி எழுதுகிறவர்களே, நெட்வொர்க்கை நீங்கள் சரிசெய்ய முடியாது, தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லலாமே. கேள்வியை அனுப்பினீர்களா, அனுமதி இருந்ததா, ஒரு பதிலாவது வந்ததா, வேறு எந்தச் சாதனத்தின் குரலாவது கேட்டதா? நாலு வரி போதும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கூடவே ஐபி எண்ணை நேரடியாக அடிக்க ஒரு கட்டம் வையுங்கள். 'மேம்பட்ட அமைப்புகள்' என்று ஏழு திரைக்குப் பின்னால் புதைக்காமல், 'கிடைக்கவில்லை' என்று கூசாமல் சொல்கிறீர்களே, அதே திரையில், அந்த 'மீண்டும் முயற்சி செய்' பொத்தானை எடுத்துவிட்டு அந்த இடத்தில்.