ரெங்கத்தின் ஜனத்தொகையை எங்கே போய் எண்ணுவது?

ரெங்கம், லாயாங்-லாயாங், பெக்கோக், பாலோ. மலேசியாவின் ஜொகூர் மாநில ரயில் பாதையில் இருக்கும் இந்தச் சின்ன ஊர்களைப் பற்றி யார் எழுதினாலும் பழைய குடிக்கணக்கில் ஒரு எண்ணைப் பிடித்து, இன்றைய எண்ணை அதன் பக்கத்தில் வைத்து, ஊர் தேய்ந்துவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கே தப்பு. இந்த ஊர்களின் ஜனத்தில் பெரும்பகுதி எந்தக் காலத்திலும் பட்டணத்துக்குள் இருந்ததில்லை. சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில்தான் இருந்தது.

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ரயில் பாதை 1909இல் முடிந்தது. ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வரும் வண்டிகளில் ஒன்று பக்கப் பாதையில் ஒதுங்கினால்தான் மற்றது போக முடியும். அதனால் சில மைலுக்கு ஒரு ஸ்டேஷன் வேண்டியிருந்தது. ஸ்டேஷன் வந்ததும் மாஸ்டர் குவாட்டர்ஸ், தண்டவாளம் பார்க்கும் கேங் ஆட்களின் லயம் (வரிசை வீடுகள்), சரக்குக் கொட்டகை, எதிரில் இரண்டு வரிசைக் கடை என்று ஊர் உண்டானது. மறுவருஷமே ரப்பர் விலை உச்சிக்குப் போக, சுற்றியிருந்த காடெல்லாம் தோட்டமானது. ஆனால் நெடுஞ்சாலை ரெங்கத்தைத் தொடவில்லை. அது சிம்பாங் ரெங்கம் வழியாகப் போனது. ரயிலை மட்டுமே நம்பி நின்ற ஊர் இது.

குடிக்கணக்கில் பட்டணம் என்றால் அரசாங்கம் எல்லை குறித்த இடம் மட்டும். அந்த எல்லைக்கு வெளியே இருக்கும் தோட்ட லயத்து ஜனம் ரெங்கம் கடைத்தெருவில்தான் சாமான் வாங்கும், ரெங்கத்தில்தான் ரயிலேறும். ஆனால் பட்டணக் கணக்கில் வராது. அடுத்த சிக்கல்: 1957 கணக்கெடுப்பில் 1,000 பேர் இருந்தாலே நகர்ப்புறம். 1970இல் அந்த வரம்பு 10,000 ஆனது. ஒரு குடும்பம்கூட வெளியேறாமலே பல ஊர்கள் நகர்ப்புறப் பட்டியலிலிருந்து விழுந்தன. 1947க்கும் 1957க்கும் நடுவே தெரியும் ஏற்றத்தையும் அப்படியே நம்பக் கூடாது. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு ஜனத்தின் உதவி போகாமல் தடுக்க 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தில் காட்டோரத்து ஜனத்தை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குக் கொண்டுவந்தார்கள்; சிதறிக் கிடந்த லயங்களையும் ஓரிடத்தில் சேர்த்தார்கள். பல ஊர்களில் எண்ணை ஏற்றிவிட்டது அந்த வேலிதான்.

ஜனம் குறைந்தது உண்மைதான். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் கொஞ்சம் போனது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ஆனால் என் பார்வையில் பெரிய அடி, ரப்பருக்குப் பதிலாக நட்ட செம்பனைதான் (எண்ணெய்ப் பனை). அதைப் பேசுகிறவர்கள் குறைவு. ரப்பரில் ஒருவர் நாளுக்கு ஏறத்தாழ 500 மரத்தில் பால் வெட்டுவார், ஒருநாள் விட்டு ஒருநாள். வெட்டி, மங்கிலிருந்து (பால் வடியும் கிண்ணம்) பால் சேர்த்து, ஒட்டுப்பால் உரித்து, ஸ்டோரில் நிறுக்கும் வரைக்கும் வேலை. வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு வேலை இருந்தது. செம்பனை ஹெக்டருக்கு 136 முதல் 148 மரம்தான். 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை குலை வெட்டினால் போதும். அதே நிலத்துக்கு ஆள் மிகக் குறைவு. சரக்கும் ரயிலை விட்டுப் போனது. புகையில் காய்ந்த ரப்பர் ஷீட், டன்னுக்கு ஒன்பது கட்டு, வேகனில் மாதக்கணக்கில் காத்திருக்கும். செம்பனைப் பழம் காத்திருக்காது. வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். எனவே லாரி, ரோடு. ஆளும் போய், சரக்கும் போனபின் ஸ்டேஷன் எதிர்க் கடைகளுக்கு யார் வருவார்கள்?

சரியான கணக்கு வேண்டுமென்றால் தமிழ்ப்பள்ளி சேர்க்கைப் பதிவேட்டைத்தான் முதலில் தேட வேண்டும். பிள்ளை பெயர், தகப்பன் பெயர், தோட்டம், சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் கிடைக்கும் ஒரே இடம் அது. விலகிய நாட்களை வருஷவாரியாக அடுக்கினால் எந்த வருஷம் தோட்டத்தின் எந்தப் பிரிவு காலியானது என்று தெரிந்துவிடும். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530ஐ ஒட்டி. மூடிய பள்ளியின் பதிவேடு இணைந்த பள்ளியின் அலமாரியில் கிடக்கலாம், கறையான் தின்றிருக்கலாம். இரண்டாவது தோட்ட ஆபீஸ் செக்ரோல், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு. அதில் வேலைக்கு வந்த தலை மட்டுமே இருக்கும்; கிழவரும் பிள்ளைகளும் இருக்கமாட்டார்கள். அதை வைத்து ஜனத்தொகை சொல்லக் கூடாது. மூன்றாவது கோயில் வரிக்கணக்கும் தோட்டத்து இடுகாட்டுக் கல்லும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே தோட்டத்துக்கு ஆபீஸில் ஒரு பெயர், நம் ஜனத்தின் வாயில் ஒரு பெயர், கைமாறியபின் இன்னொரு பெயர். மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்காவிட்டால் அதே ஆட்களை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள்.

கிம்மாஸ்–ஜொகூர் பாரு 192 கிலோமீட்டரும் இப்போது இரட்டைத் தண்டவாளம். வண்டி ஒதுங்க ஸ்டேஷன் தேவையில்லை. பழைய ஸ்டேஷன் கட்டடங்களுக்காகக் குரல் கொடுப்பவர்களை மதிக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள், அட்டையையும் சேர்த்து. வருஷமும் பள்ளிப் பெயரும் பெரும்பாலும் அட்டையில்தான் இருக்கும். ஒரு பிரதி பள்ளிக்கு, ஒரு பிரதி கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு.