ஃபிளெக்ஸில் அடித்த எரிகோ மதில் விழாது

கோயில் கமிட்டிக்காரர்கள் குப்பை என்று தூக்கிப்போட்டார்களே, அது குப்பை இல்லை ஐயா. வி.பி.எஸ்.ஸுக்காக (பிள்ளைகளுக்குக் கோடை லீவில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி) பிள்ளைகளும் சண்டே ஸ்கூல் டீச்சர்களான நாங்களும் சேர்ந்து அட்டைப்பெட்டிகளை ஒட்டி, காயவைத்து, வர்ணம் அடித்து எழுப்பிய எரிகோ மதில், பைபிளில் இஸ்ரவேலர் சுற்றிவந்து ஆர்ப்பரித்ததும் இடிந்து விழுந்த பட்டணத்து மதில். ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஹாலைக் காலி பண்ணணும் என்று சொல்லி, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அதைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டுவிட்டார்கள். அன்று சாயந்தரம் கோடைமழை வேறு. நனைந்த அட்டை என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நெல்லை, நாகர்கோவில் பக்கம் மே மாதம் வி.பி.எஸ். நடக்காத கிறிஸ்தவக் கோயில் அபூர்வம். பாட்டு, மனப்பாட வசனம், கைவேலை, நாடகம் என்று கடைசி நாள் மேடை ஏறும் வரைக்கும் பிள்ளைகளுக்கு வேறு நினைப்பே இருக்காது. ஆனால் அந்த மேடைக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வந்த பெட்டிகளுக்காகக் கடை கடையாகச் சொல்லிவைத்து, பழைய பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போவதற்கு முன்னால் நாங்கள் போய் நிற்க வேண்டும். மைதா பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் சேர்க்க வேண்டும் (பிள்ளைகளைப் பக்கத்தில் விடக்கூடாது, அது விஷம்), இல்லாவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் கரப்பான் ஒட்டின இடத்தை எல்லாம் அரித்துவிடும். கம் டேப்பை நம்பவே முடியாது, அக்கினி நட்சத்திர வெக்கையில் மத்தியானத்துக்குள் பிரிந்து தொங்கும். தெர்மாகோலில் ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் அது உருகிக் குழிகுழியாகிவிடும், அதற்குக் கையால்தான் வர்ணம் பூச வேண்டும். மேலே மின்விசிறி ஓடும், அந்தக் காற்றில் வெறும் பெட்டி நிற்காது. அதனால் சில பெட்டிகளுக்குள் மட்டும் மணல் பொட்டலம் வைக்க வேண்டும், எடை கூடினால் மதில் விழ வேண்டிய நேரத்தில் விழாது. ஸ்பாஞ்சைச் செங்கல் அளவுக்கு வெட்டி, காவி வர்ணத்தில் தோய்த்து, வரிசை மாறாமல் ஒற்றியது முழுக்க ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். கீழ் வரிசைப் பெட்டிகளில் தூண்டில் நரம்பைக் கோத்துப் பின்னால் இருந்து இழுத்தால் முழு மதிலும் முன்பக்கமாகச் சரிகிற மாதிரி செய்தவன் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன். அவனுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இவ்வளவையும் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த நாள் காலையில் பதிலுக்கு என்ன கொண்டுவந்து கட்டினார்கள் தெரியுமா? இருபதுக்குப் பத்து அடியில் ஒரு ஃபிளெக்ஸ். கீழே மதில் படம், மேலே வரிசையாக நன்கொடை கொடுத்தவர்களின் போட்டோ. "இந்தக் காலத்துல யாரும்மா அட்டையை வெட்டிக்கிட்டு இருக்கா, அரை மணி நேரத்துல அடிச்சுக் குடுத்துட்டான் பாருங்க" என்கிறார் ஓர் அண்ணன். அண்ணே, பைபிளின் யோசுவா புத்தகத்தில் இஸ்ரவேலர் ஆறு நாள் தினம் ஒரு தடவையும், ஏழாம் நாள் ஏழு தடவையும் பட்டணத்தைச் சுற்றி வருகிறார்கள். மொத்தம் 13 சுற்று. எங்கள் பிள்ளைகளும் சார்ட்டைச் சுருட்டி எக்காளம் செய்து, பெட்டி மதிலைச் சுற்றிச் சுற்றி வந்து பழகினார்கள். கடைசிச் சுற்றில் ஆர்ப்பரித்ததும் அது கண்ணுக்கு முன்னால் விழ வேண்டும், அதற்காகத்தானே அந்தப் பாடம்! சுவரோடு ஒட்டிக் கட்டின ஃபிளெக்ஸை எப்படிச் சுற்றுவது? அது எப்படி விழும்? ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன் நிறைவு விழா மேடையில் எக்காளத்தை வாயில் வைத்தபடியே "அக்கா, இது எப்ப விழும்?" என்று கேட்டான். நான் என்ன பதில் சொல்ல?

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒரு வருஷம், சிறுவன் தாவீது கவண்கல்லால் வீழ்த்திய ராட்சத வீரன் கோலியாத்தைச் செய்தோம். பைபிள் சொல்கிற உயரம் ஆறு முழமும் ஒரு சாணும், அதாவது கிட்டத்தட்ட ஒன்பதே முக்கால் அடி. பிரவுன் ஷீட்டை இணைத்து அந்த அளவுக்கே வெட்டி நிறுத்தியபோது சின்னப் பிள்ளைகள் அவன் தொடை உயரத்துக்குக்கூட வரவில்லை. அண்ணாந்து பார்த்த அந்த நிமிஷத்தில் தாவீதின் தைரியம் என்னவென்று அவர்களுக்கு நான் ஒரு வரிகூட விளக்க வேண்டியிருக்கவில்லை. அதைச் சுருட்டிப் பத்திரமாக வெஸ்ட்ரிக்கு (ஐயர் அங்கி மாற்றும் அறை) பின்னால் வைத்திருந்தோம். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது சருகோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள். ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் முதலில் இருந்து ஆரம்பிக்கிறோம், அதுவும் சொந்தக் காசில். ஃபிளெக்ஸுக்கு உடனே பணம் வருகிறது, ஒரு டப்பா ஃபெவிகாலுக்கும் நாலு போஸ்டர் கலருக்கும் பில் நீட்டினால் அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்கிறார்கள். அந்த அடுத்த கூட்டம் இன்னும் வரவில்லை.

எங்களுக்குப் பாராட்டு வேண்டாம், மேடையில் சால்வையும் வேண்டாம். உடைந்த பெஞ்சும் ஓடாத ஜெனரேட்டரும் கிடக்கிற அந்தப் பின்னறையில் ஒரு மூலையை ஒதுக்கி, அதற்கு ஒரு சாவியை சண்டே ஸ்கூல் டீச்சர்கள் கையில் கொடுங்கள். வி.பி.எஸ். கணக்கில் மேடைச் சாமானுக்கென்று ஒரு தொகையை முதலிலேயே எழுதுங்கள். ஹால் யாருக்கு வேண்டுமானாலும் தேவைப்படட்டும், எங்களுக்கு ஒரு போன் போடுங்கள், ராத்திரி பத்து மணியானாலும் நாங்களே வந்து எடுத்து வைத்துக்கொள்கிறோம். கேட்காமல் மட்டும் கை வைக்காதீர்கள்.