லைட்டை மின்னச் சொன்னால் மிஷின் சாகிறது

நேற்று ராத்திரி எங்கள் பெங்களூரு லேபிலிருந்து போன். டெஸ்டிங் பார்க்கும் அண்ணன், தினமும் ஓசூரிலிருந்து வந்து போகிறவர். “தம்பி, கேபிள் மாத்தணும். நெட்வொர்க் கார்டுல எந்த போர்ட்டுன்னு தெரிய, ஈத்டூல் கமாண்டுல அந்த போர்ட் லைட்டை மின்ன விட்டேன். இப்ப நெட்வொர்க்கைப் பார்க்குற ஐபி கமாண்ட் எது அடிச்சாலும் தொங்குது, ரீபூட்டும் ஆக மாட்டேங்குது.” கடைசியில் பவர் பட்டனைத்தான் அமுக்கினார். மூன்று நாளாக ஓடிய டெஸ்ட் போச்சு. அவருடைய ஓசூர் பஸ்ஸும் போச்சு.

அந்த கார்டை ஓட்டும் எங்கள் டிரைவரில் சிப்புக்குச் சிப்பு ஒரு ஃபங்ஷன் பாயின்டர் டேபிள் உண்டு; எந்த வேலைக்கு எந்த ஃபங்ஷன் என்று முகவரி சொல்லும் பட்டியல் அது. புது சிப்பின் டேபிளில் எல்இடி ஃபங்ஷனை யாரும் எழுதவே இல்லை. சி மொழியில் அப்படி விட்டுப்போன இடம் நல், அதாவது பூஜ்ய முகவரி, ஆகிவிடும், கம்பைலர் வாயே திறக்காது. அந்த நல்லைக் கூப்பிட்டதும் கர்னல் ஊப்ஸ்: லினக்ஸின் மையத்திலேயே பிழை, கூப்பிட்ட புரோகிராம் காலி. நெட்வொர்க் அமைப்பை ஒரு நேரத்தில் ஒருவரே மாற்றவிடும் ஆர்டிஎன்எல் லாக்கைப் பிடித்தபடியே ஈத்டூல் செத்தது. அதை விடுவிக்க ஆள் இல்லை. அப்புறம் இன்டர்ஃபேஸைத் தொட வந்த கமாண்டெல்லாம் அந்த லாக்குக்காகவே காத்துக் கிடந்தன. மிஷின் மொத்தமாகச் செத்திருந்தால்கூட இவ்வளவு அலைச்சல் இல்லை.

இதைத் தடுக்கத்தான் போன மாதம் கோடில் ஒரு திருத்தம், அதாவது பேட்ச், போட்டேன். டிரைவர் சிப்பை அடையாளம் கண்டு தயார் செய்யும் புரோப் நடக்கும்போதே டேபிளைச் சரிபார்ப்போம். கட்டாயமான பாயின்டர் காலி என்றால் அதன் பெயரை லாகில் எழுதிவிட்டு அங்கேயே நிறுத்துவோம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்கிற பாயின்டருக்கு ‘சப்போர்ட் இல்லை’ என்று திருப்பும் ஒரு சின்ன ஃபங்ஷன். ரிவ்யூவில் வந்த பதில்: “கூப்பிடுற இடத்துல காலியான்னு பார்க்க ஒரு இஃப் போட்டா போதும்.”

எத்தனை இடத்தில் சார் போடுவது? நாளைக்குப் புதிதாகக் கூப்பிடுகிறவனுக்கு யார் நினைவுபடுத்துவது? சிப்பை ரீசெட் செய்யும் பாயின்டர் காலியாக இருந்தால் அதையும் இஃப் போட்டுச் சத்தமில்லாமல் தாண்டிவிடலாமா? ரீசெட் ஆகாத சிப்போடு ஓடுவது கிராஷை விடக் கொடுமை.

2009 ஆகஸ்டில் லினக்ஸ் கர்னலிலேயே இது வெடித்தது. சில சாக்கெட் புரோட்டோகால்கள் டேட்டா அனுப்பும் சென்ட்பேஜ் பாயின்டரை நிரப்பாமல் விட்டிருந்தன. 2001 முதல் அப்படியே கிடந்த ஓட்டை. பூஜ்ய முகவரியில் தன் கோடை வைத்து சாதாரண யூசர் முழு அதிகாரமுள்ள ரூட் ஆக முடிந்தது. இதையும் ரிவ்யூவில் எழுதினேன். பதில் இல்லை.

பேட்ச் இன்னும் அங்கேயே தொங்குகிறது. அடுத்த சிப்பின் டேபிள் இன்று காலை வந்துவிட்டது. எந்தெந்த பாயின்டர் காலி என்று ஒவ்வொன்றாகக் கையால் டிக் போட்டுக்கொண்டிருக்கிறேன்.