புளுபெரிச் செடிக்குச் சாம்பல் போடாதீர்கள்

“தொட்டியில் வளரும் குட்டைப் புளுபெரிக்கு வாரம் ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பல் போடுங்கள், கொத்துக் கொத்தாய்க் காய்க்கும்” என்ற செய்தி மலையக வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

சாம்பல் மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை, குறைக்கும். புளுபெரிக்கோ புளிப்பு மண்தான் உயிர்: பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை. நம் தேயிலைக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். சாம்பல் கூடினால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. துளிரைத் திருப்பிப் பாருங்கள்: நரம்பு பச்சையாக இருக்கும், இடைப்பகுதி மஞ்சளாக வெளுத்திருக்கும். அதைப் பசி என்று எண்ணி இன்னும் சாம்பல் போடுகிறார்கள். அதுதான் மனதை வருத்துகிறது.

சாம்பலை நிறுத்துங்கள். தேயிலைச் சரிவின் மேல்மண்ணுடன் மட்கிய இலைக்குப்பை கலந்து, மழைநீர் ஊற்றுங்கள். கன்று வாங்கும்போது அதிகக் குளிர் கேட்காத ‘சன்ஷைன் புளூ’ போன்ற வகையைக் கேளுங்கள். நீண்ட கடுங்குளிர் தேவைப்படும் வகைகள் நுவரெலியாவில்கூடச் சரியாகக் காய்க்காது.

சந்தேகமிருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேட்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.